அமெரிக்க மாணவர் வீசாவைப் புதுப்பிக்கும் நேர்முகம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதமும் டிசெம்பர் மாதமும் வந்தால் என் தொலைபேசி ஓயாது. அமெரிக்காவில் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிற காலம் அது. கல்லடி, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கிருந்து எடுத்தாலும் விஷயம் ஒன்றுதான்: வீசா முடிந்துவிட்டது, கொழும்பில் திரும்பவும் நேர்முகத்துக்குப் போக வேண்டும், என்ன செய்வது? நானும் எஃப்-1 என்கிற இந்த மாணவர் வீசாவை இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. போய் வந்ததிலும், பிறகு மற்றப் பிள்ளைகளின் கடுதாசிகளைப் பார்த்துக் கொடுத்ததிலும் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வீசா முடிந்த பிறகும் மகள் அங்கேதான் இருக்கிறாள். பிடித்துக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள். பெற்றோரின் நித்திரையைக் கெடுக்கிற முதல் கேள்வி இது. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கிற வீசா நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும். உள்ளே எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதை ஐ-94 என்கிற நுழைவுப் பதிவும், பல்கலைக்கழகம் கொடுக்கிற ஐ-20 பத்திரமும் சொல்கின்றன. மாணவர்களின் ஐ-94 பதிவில் திகதிக்குப் பதிலாக டி/எஸ் என்று போட்டிருப்பார்கள். ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் வரை இருக்கலாம் என்பது அதன் பொருள். இந்த முறையை மாற்றி, முடிவுத் திகதி ஒன்றைக் குறிக்க வேண்டும் என்று 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு முன்மொழிவை வெளியிட்டது. ஆகவே பயணத்துக்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து வருகிற ஆலோசனை பலருக்குப் பிடிக்காது: தேவையில்லாமல் புதுப்பிக்க வராதீர்கள். படிப்பு முடிய இன்னும் ஒரு தவணைதான் இருக்கிறது என்றால், வீசா முடிந்திருந்தாலும் முடித்துவிட்டே வரலாம். அம்மம்மாவுக்குக் கடுமை, தங்கச்சிக்குக் கல்யாணம் என்றால் அது வேறு கதை. அப்போது வந்துதான் ஆக வேண்டும்.

கனடாவில் மாமா இருக்கிறார். அங்கே போய்ப் புதுப்பித்துக்கொண்டு திரும்பலாமா?

முன்பு நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். 2025 செப்டெம்பரிலிருந்து சொந்த நாட்டில் அல்லது வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் சொல்லிவிட்டது. நமக்கு அது கொழும்புதான்.

மாமாவைப் பார்க்க மட்டும் போவதென்றால் ஒரு வசதி உண்டு. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாளுக்குள் திரும்பினால், முடிந்த வீசாவுடனேயே மாணவர்கள் உள்ளே வரலாம். செல்லுபடியாகும் ஐ-20, ஐ-94 இரண்டும் கையில் இருக்க வேண்டும், போன இடத்தில் புதிய வீசாவுக்கு விண்ணப்பித்திருக்கவும் கூடாது. கனடாவுக்குள் போகிறதற்குக் கனடா வீசா வேண்டும் என்பதை மறந்துவிட்டு விமானச்சீட்டு எடுத்த பிள்ளையையும் எனக்குத் தெரியும்.

முன்பு ஒருமுறை வீசா தந்தவர்கள்தானே. நேர்முகம் இல்லாமல் தர மாட்டார்களா?

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு சலுகை இருந்தது. 2025 செப்டெம்பர் 2 முதல் அதைச் சுருக்கிவிட்டார்கள். மாணவர்கள் நேரே போகத்தான் வேண்டும். நாள் கிடைப்பது சிரமமாக இருக்கும், அதனால் அமெரிக்காவில் இருக்கும்போதே டிஎஸ்-160 என்கிற இணைய விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, பணம் கட்டி, நாள் எடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். வகுப்பு தொடங்க நாள் நெருங்கிவிட்டால் அவசர நாள் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கும் முதலில் சாதாரண நாள் ஒன்றைப் பதிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். வீசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான கட்டணமான 350 டொலரை முதல்முறை போகும்போதே கட்டியிருப்பீர்கள். ஐ-20 பத்திரத்தின் மேலே இருக்கிற செவிஸ் இலக்கம் மாறாமல் இருந்தால் அதைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை, பழைய பற்றுச்சீட்டு போதும். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி மாறியிருந்தாலும் இலக்கம் அதேதான். "புதுப்பிக்கிறதென்றால் செவிஸ் காசும் புதிசாகக் கட்டவேணும்" என்று யாராவது சொன்னால் முதலில் அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

உள்ளே என்னதான் கேட்பார்கள்?

முதல்முறை போனபோது கேட்டது நினைவிருக்கும்: ஏன் அமெரிக்கா, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் காசு கட்டுகிறார்? இப்போதும் அவை வரலாம். ஆனால் புதுப்பிக்கும்போது கேள்வியின் முகம் திரும்பிவிடுகிறது. "தந்த வீசாவை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் என்ன செய்தாய்?" என்பதுதான் அடியில் இருக்கிற கேள்வி. போன தடவை வீசா அதிகாரி பார்த்தது உங்கள் திட்டத்தை. இந்தத் தடவை அவருக்கு முன்னால் இருப்பது உங்கள் நடப்பு.

என் கதையைச் சொல்கிறேன். முதல் புதுப்பித்தலுக்குப் போகும்போது ஊருக்குத் திரும்பி வருவேன் என்பதை நிரூபிக்க ஒரு கட்டுக் கடுதாசி கொண்டுபோனேன். காணி உறுதி, அப்பாவின் ஓய்வூதியக் கடிதம், கோயில் பரிபாலன சபையின் கடிதம்கூட. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எதையும் தொடவில்லை. என் பாடப் பெறுபேற்றுப் பத்திரத்தை மட்டும் கேட்டு வாங்கினார். விரலால் ஒரு வரியைக் காட்டி, "இந்தப் பாடத்தை ஏன் இடையில் விட்டீர்கள்?" என்றார். எனக்கு வாயே வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் விட்ட பாடம், காரணம் சின்னது: அதே நேரத்தில் கற்பிக்கும் வேலை வந்துவிட்டது. ஆனால் அந்தக் காரணத்தைத் தேடி எடுக்க எனக்கு அரை நிமிடம் பிடித்தது. கண்ணாடிக்கு முன்னால் அரை நிமிடம் என்பது பெரிய நேரம். மொத்த நேர்முகமே மூன்று நிமிடம்தான்.

வீசா கிடைத்தது. ஆனால் அன்றைக்குப் படித்தது இதுதான்: உங்களுடைய கடுதாசியை உங்களைவிட அவர் நன்றாகப் படித்திருக்கக் கூடாது. போவதற்கு முதல்நாள் இரவு பெறுபேற்றுப் பத்திரத்தை வரி வரியாகப் பாருங்கள். ஐ-20 பத்திரத்தில் படிப்பு முடிகிற திகதி என்ன, அது ஒருமுறை நீட்டப்பட்டதா, ஏன்? துறை மாறியதா? பல்கலைக்கழகம் மாறியதா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வசனத்தில் பதில் இருக்க வேண்டும். ஆய்வு செய்கிறவர்கள் தங்கள் ஆய்வை, அந்தத் துறையே தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அம்மா "சரி, அதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டால் நல்ல கேள்வி, அதற்கும் பதில் தேடுங்கள்.

ஒரு பாடத்தில் சித்தியடையவில்லை. அதைச் சொல்லாமல் விடலாமா?

எதற்கு விட வேண்டும்? பத்திரத்தில் இருக்கிறதே. ஒரு பாடத்தில் விழுந்ததற்காக வீசா மறுக்கிறார்கள் என்றால் பாதிப்பேர் திரும்பிப் போக முடியாது. என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள். "முதல் தவணை, குளிர், தனிமை, கணிதம் நான் நினைத்ததைவிடக் கடினம். அடுத்த தவணை திரும்ப எடுத்து பி எடுத்தேன்." அவ்வளவுதான். பேராசிரியரைக் குறை சொல்லத் தொடங்கினால்தான் சிக்கல்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் முழுநேர மாணவராக இருந்தீர்களா என்பது. இளமாணிப் படிப்பில் தவணைக்குக் குறைந்தது 12 அலகு (கிரெடிட்) வேண்டும். இணையவழிப் பாடம் அதில் ஒன்றுதான் கணக்கில் சேரும். உடல்நிலை காரணமாக அலகைக் குறைத்திருந்தால், மாணவர் அலுவலகம் அதற்கு முன்கூட்டியே அனுமதி தந்த கடிதம் இருக்க வேண்டும். இடையில் படிப்பை நிறுத்தி ஐந்து மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்துவிட்டால் பழைய ஐ-20 பெரும்பாலும் செல்லாது, புதியது எடுக்க வேண்டிவரும்.

வெளியில் கொஞ்சம் வேலை செய்தேன். கேட்டால் என்ன சொல்வது?

வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம் என்றால் அது வேலையே அல்ல, உரிமை. நூலகம், உணவகம், ஆய்வுகூடம் எதுவானாலும் தாராளமாகச் சொல்லுங்கள். படிப்போடு சேர்ந்த பயிற்சிக்கு அலுவலக அனுமதி இருந்தால் அதுவும் ஐ-20 பத்திரத்திலேயே அச்சாகியிருக்கும்.

அனுமதியில்லாமல் கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ கைக்காசுக்கு நின்றிருந்தால், இந்தப் பக்கத்தில் உங்களுக்கு மருந்து இல்லை. ஊருக்கு விமானம் ஏற முன்னரே அங்குள்ள குடிவரவுச் சட்டத்தரணியிடம் பேசுங்கள். பொய் சொல்லுங்கள் என்று மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வேலைக்காக மறுத்தால் பிறகு ஒரு வழி இருக்கலாம். முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாகப் பதிந்துவிட்டால் அது வாழ்நாள் தடையாகிவிடும்.

அப்பா வேளாண்மைக்காரர். கணக்கில் காசு சில மாதம் நிறைந்திருக்கும், சில மாதம் வெறுமையாக இருக்கும். சந்தேகப்பட மாட்டார்களா?

விளக்கம் இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். மாதச் சம்பளக் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மார்ச்சில் பெரிய தொகை ஒன்று வந்து நவம்பரில் அது உரத்துக்கும் உழவுக்கும் கூலிக்கும் கரைந்துபோவது விசித்திரமாகத்தான் தெரியும். நமக்கு அது பெரும்போகம். மாசி, பங்குனியில் வெட்டு, அதன் பிறகு சிறுபோகம். ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை ஏக்கர், எந்தக் கண்டம், எந்த மாதம் விற்பனை. ஆலைக்காரர் அல்லது நெல் சந்தைப்படுத்தும் சபை தந்த பற்றுச்சீட்டுகள், கமநல சேவை நிலையத்தின் கடிதம் ஆகியவற்றைக் கணக்குக் கூற்றோடு சேர்த்து வைத்தால் தொகைக்கும் திகதிக்கும் கதை பொருந்திவிடும். அம்பாறைப் பக்கத்தில் பலரிடம் இருப்பது உறுதிக்காணி அல்ல, பேர்மிட் காணி. அதை உறுதி என்று எழுதிவிடாதீர்கள். அனுமதிப்பத்திரம் என்றே எழுதுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கடை வைத்திருக்கிற வாப்பாவுக்கும் இதே கணக்குத்தான். வியாபாரப் பதிவு, வரிக் கடுதாசி, ஒரு வருடத்துக் கூற்று. கட்டாரிலிருந்து நானா அனுப்புகிறார் என்றால் அவருடைய சம்பளக் கடிதமும் அனுப்பிய பற்றுச்சீட்டும்.

செய்யக் கூடாதது ஒன்று: நேர்முகத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் சொந்தக்காரர் நாலு பேரிடம் வாங்கிக் கணக்கை நிரப்புவது. கூற்றில் அந்த வரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதுமாணி, கலாநிதிப் படிப்பில் கற்பிக்கும் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ இருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. இந்த வருடத்துக்கான நிதிக் கடிதம் இருந்தால் போதும். போன வருடக் கடிதத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் திரும்பி வருவேன் என்பதை எப்படிக் காட்டுவது?

எஃப்-1 குடியேறும் வீசா அல்ல. குடியேற வருகிறவர் என்று நினைத்தால் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவில் மறுத்துவிடலாம். அதற்காக நாட்டுப்பற்றுச் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. படிப்பை வைத்து ஊரில் என்ன செய்ய முடியும் என்று நம்பும்படி சொன்னால் போதும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ நிரந்தர விரிவுரையாளராக இருந்து கல்வி விடுமுறையில் போனவர்கள், திரும்பி வந்து வேலை செய்வதாகக் கையெழுத்திட்ட பிணைமுறியை எடுத்துப் போங்கள். அதைவிட வலுவான கடுதாசி இல்லை.

அமெரிக்காவில் அக்காவோ அண்ணாவோ இருந்தால் டிஎஸ்-160 கேட்கிற இடத்தில் எழுதுங்கள். மறைப்பதில் இலாபம் இல்லை. நிச்சயம் செய்த மாப்பிள்ளை அங்கே இருந்தால் அதற்கும் அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது. பேச்சுக்கால் நடக்கிறது, இன்னும் முற்றாகவில்லை என்றால்... சரி, அது பேச்சுக்கால்தான்.

பெயரில் குழப்பம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம், பல்கலைக்கழகத்தில் இன்னொரு விதம். எதை எழுதுவது?

கடவுச்சீட்டில் இருப்பதை, எழுத்துக்கு எழுத்து அப்படியே. நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரைத்தான் அந்த இடத்தில் போடுகிறோம். எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தடுமாறினால், கடவுச்சீட்டின் தகவல் பக்கத்தில் கீழே இருக்கிற இரண்டு இயந்திர வரிகளைப் பாருங்கள். இரண்டு கூர்க்குறிகளுக்கு முன்னால் இருப்பது குடும்பப்பெயர், பின்னால் வருவது மற்றப் பெயர்கள். ஐ-20 பத்திரமும் அதே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் அலுவலகத்திடம் சொல்லித் திருத்திக்கொண்டே வாருங்கள். நேர்முகத்துக்கு முதல்நாள் கொழும்பில் இருந்துகொண்டு திருத்த முடியாது.

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். குறைவாக இருந்தால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பது. 2024 இல் வெற்றுப் புத்தகங்கள் தட்டுப்பாடாகி பத்தரமுல்லையில் இரவு பகலாக வரிசை நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆகவே கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள். பழைய புத்தகத்தை எறியவும் வேண்டாம். முதல் வீசா அதில்தான் இருக்கிறது.

பேஸ்புக் கணக்கைத் திறந்து வைக்க வேண்டுமா?

ஆம். 2025 ஜூன் முதல் மாணவர் வீசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடந்த ஐந்து வருடத்தில் பாவித்த கணக்குப் பெயர்களை டிஎஸ்-160 கேட்கிறது. உயர்தரம் படிக்கும்போது திறந்து மறந்துபோன கணக்கும் அந்த ஐந்து வருடத்துக்குள் வந்தால் எழுத வேண்டும். அவசரமாக எல்லாவற்றையும் அழிப்பதை நான் சொல்ல மாட்டேன். வெறுமையான கணக்கும் ஒரு கேள்வியை எழுப்பும்.

பாதுகாப்புக் கேள்விகளில் எதையாவது 'ஆம்' என்று போட வேண்டிவந்தால்?

பெரும்பாலானவர்கள் 'இல்லை' என்று வேகமாகத் தட்டிக்கொண்டே போகிற பகுதி அது. நம் மாவட்டங்களில் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். விடுதலைப் புலிகள் இயக்கம் 1997 முதல் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருக்கிறது. தாய், தகப்பன் பற்றிய கேள்வி கடந்த ஐந்து வருடத்தை மட்டும் கேட்கிறது, ஆகவே 2009 க்கு முந்திய குடும்பக் கதை அதற்குள் வராது. ஆனால் உங்களைப் பற்றிய கேள்விகளுக்கு அந்தக் கால எல்லை இல்லை. சிறு வயதில் பலாத்காரமாகக் கொண்டுபோகப்பட்டு வீடு திரும்பியவர்கள் இன்று முப்பது வயதைத் தாண்டி ஆய்வு மாணவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால், என்னிடமோ தெரிந்த அண்ணனிடமோ கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டாம். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவர்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கைது பற்றிய கேள்வியும் அப்படித்தான். வேகமாக ஓட்டித் தண்டம் கட்டியது வேறு. குடித்துவிட்டு ஓட்டிப் பொலிஸ் பிடித்தது கைது, வழக்கு தள்ளுபடியானாலும் எழுத வேண்டும். நீதிமன்றக் கடுதாசியும் வேண்டும்.

எந்தெந்தக் கடுதாசி கொண்டுபோக வேண்டும்?

கடவுச்சீட்டு (பழையதும்), டிஎஸ்-160 உறுதிப்பக்கம், நேர்முகநாள் தாள், கட்டணப் பற்றுச்சீட்டு, செவிஸ் பற்றுச்சீட்டு, ஐ-20. ஐ-20 பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கான கையெழுத்து புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கிறவர்களுக்கு அது ஒரு வருடம் செல்லும், படிப்பு முடிந்து பயிற்சிக் காலத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதம்தான். பிறகு பெறுபேற்றுப் பத்திரம், இந்தத் தவணைக்குப் பதிந்த கடிதம், நிதிக் கடுதாசிகள். பழைய ஐ-20 எல்லாவற்றையும் ஒரு உறையில். தமிழில் உள்ளவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி.

விஞ்ஞானம், பொறியியல் ஆய்வு செய்கிறவர்கள் தன்விவரம், வெளியான கட்டுரைகளின் பட்டியல், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம் மூன்றையும் தயாராக வைத்திருங்கள். கேட்டால் அன்றைக்கே கொடுத்துவிடலாம்.

படம் இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, மூக்குக்கண்ணாடி இல்லாமல். நம் ஸ்டூடியோக்காரர் கை பழக்கத்தில் கடவுச்சீட்டு அளவில் வெட்டிவிடுவார், நின்று பார்த்து வாங்குங்கள். பர்தா அணிகிற பிள்ளைகள் முகம் முழுதும் தெரிந்தால் அதை அகற்ற வேண்டியதில்லை.

எப்போது ஊரிலிருந்து வெளிக்கிட வேண்டும்?

ஒரு நாள் முன்னதாக. இரவு பஸ்ஸில் ஏறி விடிய இறங்கி அப்படியே தூதரகத்துக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நித்திரையில்லாத முகத்தோடு ஆங்கிலம் வராது. ரயிலும் அப்படித்தான். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது, ஆறு யானைகள் செத்தன. யானை, வெள்ளம், பாதைத் திருத்தம் என்று மட்டக்களப்புப் பாதையில் எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கு ரயிலே இல்லை, பஸ்தான்.

வெள்ளவத்தையில் தங்கினால் வசதி. சாப்பாடும் நம்முடையது. தூதரகம் கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிறது. காலையில் கரையோர ரயிலில் ஏறினால் பம்பலப்பிட்டிக்கு அடுத்தது கொள்ளுப்பிட்டி.

கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அறையிலேயே வைத்துவிட்டு, அழைக்க வேண்டிய இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா அப்பா கூட வரலாம், உள்ளே வர முடியாது. காலிமுகத்திடல் பக்கத்தில்தான், அங்கே காற்று வாங்கிக்கொண்டு இருக்கட்டும். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மாமாங்கத்துக்கு அருச்சனை எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஒரு முகவர் ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதித் தந்திருக்கிறார். பாடமாக்கலாமா?

எனக்கும் ஒருவர் தந்தார், காசும் வாங்கினார். அதில் "என் தாய்நாட்டின் அபிவிருத்திக்குப் பங்களிக்க விரும்புகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற இருவரும் அதே வரியை அதே தொனியில் சொன்னதைக் கேட்டபோது என் தாளை மடித்து வைத்துவிட்டேன். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், குற்றமில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துங்கள். அமைதியாக இருந்தால் ஏதோ பிழை என்று நினைத்துத் தானாகவே பேசத் தொடங்குவது நம் ஆட்களின் பழக்கம். அவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

221(ஜி) என்று ஒரு தாள் தந்தார்கள். இணையத்தில் பார்த்தால் 'மறுக்கப்பட்டது' என்று இருக்கிறது!

பதற வேண்டாம். மேலதிகக் கடுதாசி வேண்டும் அல்லது இன்னும் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் 221(ஜி). அந்தக் காலத்தில் இணையப் பக்கம் மறுக்கப்பட்டது என்றே காட்டும். கேட்டதை அனுப்பிவிட்டுக் காத்திருங்கள், மாணவர் அலுவலகத்துக்கும் மேற்பார்வையாளருக்கும் அன்றைக்கே எழுதுங்கள். சில நாளும் எடுக்கும், சில மாதமும் எடுக்கும். அதனால்தான் திரும்புகிற விமானச்சீட்டைத் திகதி மாற்றக்கூடியதாக எடுக்கச் சொல்கிறேன்.

214(பி) தாள் தந்தால் அது உண்மையான மறுப்பு. மேன்முறையீடு கிடையாது, புதிதாகக் கட்டணம் கட்டித் திரும்ப விண்ணப்பிக்கலாம். அடுத்த கிழமையே அதே கடுதாசியோடு போவதில் பயன் இல்லை. என்ன மாறியிருக்கிறது என்று கேட்பார்கள்.

படிப்பு முடிந்து பயிற்சிக் காலத்தில் வேலை செய்கிறேன். இப்போது வந்து புதுப்பிக்கலாமா?

சட்டத்தில் இடம் உண்டு. வேலை அனுமதி அட்டை, வேலை தருபவரின் கடிதம், ஆறு மாதத்துக்குள் போட்ட ஐ-20 கையெழுத்து மூன்றும் வேண்டும். ஆனால் படிப்பும் முடிந்துவிட்டது, கையில் வேலையும் இருக்கிறது என்கிறபோது, திரும்பி வருவேன் என்பதை நம்ப வைப்பது கடினம். முக்கியமான காரணம் இல்லாவிட்டால் என் வீட்டுப் பிள்ளைக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, இந்தியாவில் படிக்கிறவர்களுக்கும் இதேதானா?

இல்லை. அங்கெல்லாம் பெரும்பாலும் அந்தந்த நாட்டுக்குள் இருந்தபடியே இணையத்தில் நீட்டிக்கலாம். இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவர்கள் குழம்ப வேண்டியதில்லை.

வீசா கிடைத்துவிட்டது. இனி?

கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் பெயர், பிறந்த திகதி, செவிஸ் இலக்கம் மூன்றையும் நின்ற இடத்திலேயே சரிபாருங்கள். பிழை இருந்தால் கட்டுநாயக்காவில் கண்டுபிடித்துப் பயனில்லை. புதிய மாணவர்களுக்கு வகுப்புக்கு 30 நாள் முன்னர்தான் நுழையலாம் என்று ஒரு விதி உண்டு. தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு அது இல்லை. அங்கே இறங்கியதும் அதிகாரி ஐ-20 பத்திரத்தைக் கேட்பார். பெட்டி கட்டுவது அம்மாவாகத்தான் இருக்கும், கருவாட்டுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் பத்திரமாக இருக்கட்டும் என்று அந்த உறையையும் உள்ளே வைத்துவிடுவார். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.